எழுத்தைத் தட்டியாச்சு... என்டர் தட்டும்வரை ஜாவா ஏன் அசைய மாட்டேங்குது?

ஒரே ஒரு கீயைத் தட்டினால் போதும் என்று நினைக்கும் மாணவர்களை, `என்டரையும் தட்டு' என்று நிறுத்திவைக்கிறது ஜாவா. தப்பு மாணவருடையதா, ஜாவாவுடையதா? பதில், காகிதத்தில் டைப் அடித்த காலத்தில் இருக்கிறது.

கல்லூரி கம்ப்யூட்டர் லேப். மினி புராஜெக்ட் நேரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஜாவாவில் பாம்பு விளையாட்டு எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழைய நோக்கியா போனில் அவளுடைய அப்பா விளையாடிய அதே பாம்பு. கறுப்புத் திரையில் நட்சத்திரக் குறிகளால் ஆன உடம்பு. `டபிள்யூ' தட்டினால் மேலே, `எஸ்' தட்டினால் கீழே, `ஏ' இடது, `டி' வலது.

ரன் செய்கிறாள். `டபிள்யூ' தட்டுகிறாள். எழுத்து ஸ்கிரீனில் தெரிகிறது. பாம்பு அசையவில்லை. மறுபடியும் தட்டுகிறாள். இன்னொரு `டபிள்யூ' வந்து உட்காருகிறது. கடுப்பில் மூன்றாவது முறையும் தட்டிவிட்டு, என்டர் கீயை ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான்... தூங்கிக்கொண்டிருந்த பாம்பு ஒரே நேரத்தில் மூன்று அடி பாய்ந்து, சுவரில் மோதிச் செத்துப்போகிறது!

அதன்பிறகு ஒரு மணி நேரம், தான் எழுதிய ஒவ்வொரு வரியிலும் தப்பைத் தேடுகிறாள். `நமக்கு புரொகிராமிங் வராது போல' என்ற எண்ணம் தலைதூக்குவது இந்த மாதிரி நேரத்தில்தான். ஆனால், தப்பு அவள் எழுதிய வரிகளில் இல்லை. அவள் தட்டிய எழுத்து ஜாவாவின் கைக்கே போய்ச் சேரவில்லை.

`சி-யில வருதே அண்ணா!'

இந்தச் சந்தேகத்தோடு சீனியரிடம் போனால், அநேகமாகப் பேச்சு இப்படித்தான் போகும்.

``அண்ணா, டர்போ சி-யில `கெட்ச்'னு ஒரே ஒரு லைன் போட்டா போதும். கீயைத் தட்டின உடனே வேலை செய்யுது. ஜாவால அது எங்கண்ணா இருக்கு?''

``அது ஜாவால இல்லம்மா. ஸ்கேனர் யூஸ் பண்ணு.''

``ஸ்கேனர் போட்டாலும் என்டர் கேக்குதே?''

``ஆமா... கேக்கும்.''

அதோடு உரையாடல் முடிந்துவிடும். ஏன் கேட்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்த ஒரு தலைமுறைக்கே அந்த நீலத்திரை டர்போ சி நல்ல பழக்கம். போர்லேண்ட் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட மென்பொருள் அது. புரொகிராமின் கடைசி வரியில் `கெட்ச்' போடாவிட்டால், விடை வந்த ஸ்கிரீன் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் விவரம் தெரியாமலேயே எல்லோரும் அந்த வரியைப் போட்டார்கள். ஏதாவது ஒரு கீயைத் தட்டும்வரை ஸ்கிரீன் நிற்கும்; தட்டியதும் போய்விடும். என்டர் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் என்னவென்றால், `கெட்ச்' என்பது சி மொழிக்கென்று வகுக்கப்பட்ட பொது விதிகளில் இல்லவே இல்லை. டாஸ் காலத்து கம்பைலர்கள் தங்கள் வசதிக்காகச் சேர்த்துக்கொண்ட ஒன்று அது. டாஸ் என்பது ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள், ஒரு நேரத்தில் ஒரு புரொகிராம் என்ற உலகம். கீபோர்டுக்கும் புரொகிராமுக்கும் நடுவில் பெரிதாக யாரும் கிடையாது. சி மொழியின் பொது விதிகளில் இருப்பது `கெட்சார்'. அதை இன்றைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் என்டர் கேட்கும்!

ஆக, பிரச்னை ஜாவாவோடு மட்டும் முடிவதில்லை. நடுவில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

நடுவில் நிற்கும் சப்ளையர்

அது யார் என்று தெரிய ஒரு டிபன் கடைக்குள் போய் உட்காருவோம்.

``ரெண்டு இட்லி... ஒரு வடை... இல்லல்ல, வடை வேணாம், பொங்கல் குடுங்க. ஒரு தோசை... தோசையை ஊத்தப்பமா மாத்திக்கோங்க.''

சப்ளையர் பொறுமையாக நின்று கேட்டுக்கொள்கிறார். நீங்கள் `வடை' என்றவுடன் அவர் அடுப்படிக்கு ஓடுவதில்லை. மாற்றுவதற்கு நேரம் கொடுக்கிறார். `அவ்வளவுதாங்க' என்று நீங்கள் சொன்ன பிறகுதான், மொத்த ஆர்டரும் உள்ளே மாஸ்டருக்குப் போகிறது. நீங்கள் வடை கேட்டதும், பிறகு வேண்டாமென்றதும் மாஸ்டருக்குத் தெரியவே தெரியாது.

கம்ப்யூட்டரிலும் இதேதான் நடக்கிறது. கீபோர்டுக்கும் உங்கள் ஜாவா புரொகிராமுக்கும் நடுவில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஒரு பகுதி சப்ளையராக நிற்கிறது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அதுதான் முதலில் வாங்குகிறது. ஸ்கிரீனில் காட்டுவதும் அதுதான். பேக்ஸ்பேஸ் தட்டினால் கடைசி எழுத்தை எடுத்துவிடுவதும் அதுதான். என்டர்தான் `அவ்வளவுதாங்க'. அதைச் சொன்ன பிறகே மொத்த வரியும் ஜாவாவின் கைக்குப் போகிறது.

அந்த மாணவி ஸ்கிரீனில் பார்த்த மூன்று `டபிள்யூ'வையும் காட்டியது அவளுடைய புரொகிராம் அல்ல, சப்ளையர்! மாஸ்டர் உள்ளே, ஆர்டர் வராமல் சும்மா உட்கார்ந்திருந்தார். என்டர் தட்டியதும் மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. பாம்பு பாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

லினக்ஸில் இந்தச் சப்ளையரின் கையில் இருக்கும் சீட்டுக்கு ஓர் அளவும் உண்டு. என்டரையும் சேர்த்து ஒரு வரிக்கு 4,096 எழுத்துகள்தான். அதற்கு மேல் தட்டினால் கூடுதல் எழுத்துகள் காணாமல் போகும்.

காகிதத்தில் பேசிய கம்ப்யூட்டர்

இந்தச் சப்ளையரை வேலைக்குச் சேர்த்தது யார்? அதற்கு 1960-களுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு கம்ப்யூட்டர் என்றால் ஸ்கிரீன் கிடையாது. அமெரிக்காவில் `டெலிடைப்' என்று ஒரு கருவி இருந்தது. பார்ப்பதற்கு பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். நீங்கள் தட்டுவதும், கம்ப்யூட்டர் சொல்லும் பதிலும் ஒரே காகிதச் சுருளில் அச்சாகும். 1963-ல் வந்த `டெலிடைப் மாடல் 33' மிகவும் பிரபலம். அதன் வேகம், நொடிக்கு 10 எழுத்துகள்!

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-ல் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது, அவர்கள் உட்கார்ந்து தட்டியது இந்த மாதிரி கருவிகளில்தான். அங்கே இரண்டு சிக்கல்கள்.

முதல் சிக்கல், காகிதத்தில் அச்சானதை அழிக்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தப்பாகத் தட்டிவிட்டால், இன்று நாம் ஹேஷ்டேகுக்குப் போடும் குறியைத் தட்ட வேண்டும். `முந்தைய எழுத்தை மறந்துவிடு' என்று அர்த்தம். மொத்த வரியும் வேண்டாம் என்றால், இன்று இ-மெயில் முகவரியின் நடுவில் வரும் `அட்' குறி. காகிதத்தில் எல்லாம் அலங்கோலமாகக் கிடக்கும். ஆனால், புரொகிராமுக்குப் போய்ச் சேரும்போது வரி சுத்தமாக இருக்கும். திருத்தும் வேலையை நடுவில் இருப்பவரே முடித்துவிடுவார்.

இரண்டாவது சிக்கல், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் அவரவர் புரொகிராமை எழுப்பிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டருக்கு வேறு வேலையே ஓடாது. வரி முடியும்வரை சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கொடுப்பது எல்லோருக்கும் மிச்சம்.

அந்தக் கருவி இன்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால், லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் மேக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கறுப்புத் திரைக்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் இன்னமும் `டிடிஒய்'தான். டெலிடைப்பின் சுருக்கம்!

என்டருக்குப் பின்னால் வரும் பேய்

நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். வரி முடியப்போகும்போது `டிங்' என்று மணி அடிக்கும். கம்பியைப் பிடித்துத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும். வண்டி ஆரம்பத்துக்குத் திரும்பும்.

டெலிடைப்பில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி எண்கள். ஆரம்பத்துக்குத் திரும்ப 13, அடுத்த வரிக்குப் போக 10. விண்டோஸ் இன்றும் என்டருக்கு இரண்டையும் அனுப்புகிறது. லினக்ஸும் மேக்கும் 10-ஐ மட்டும் அனுப்புகின்றன.

இது பழைய கதைதானே என்று விட முடியாது. ஜாவாவில் ஓர் எழுத்தை வாங்க `சிஸ்டம் டாட் இன் டாட் ரீட்' என்று எழுதுவார்கள். அது எழுத்தாகத் தராது, எண்ணாகத் தரும். சின்ன `ஏ' தட்டினால் 97. சரி, `ஏ' தட்டி என்டரும் தட்டியாயிற்று. முதல் முறை படிக்கும்போது 97 வரும். அடுத்த முறை படிக்கும்போது நீங்கள் எதையும் தட்டாமலேயே 13 வரும். அதற்கடுத்து 10. லினக்ஸில் 10 மட்டும்.

`உங்கள் விருப்பம் என்ன? 1, 2, 3' என்று கேட்கும் மெனு, ஒரு தடவை பதில் சொன்னதும் மூன்று தடவை திரும்பத் திரும்ப அச்சாவதை லேப்பில் பலர் பார்த்திருப்பார்கள். பேய் பிடித்த மாதிரி இருக்கும். வீட்டு விண்டோஸில் மூன்று முறை, கல்லூரி லினக்ஸில் இரண்டு முறை என்றால் குழப்பம் இன்னும் கூடும். காரணம், மிச்சமிருக்கும் அந்த என்டர்.

2004-ல் ஜாவா 5-ல் வந்த ஸ்கேனரிலும் இந்தப் பேய் உண்டு. முதலில் `வயது என்ன?' என்று எண்ணைக் கேட்டுவிட்டு, அடுத்து `பெயர் என்ன?' என்று முழு வரியைக் கேட்டால், பெயர் கேட்காமலேயே தாண்டிப் போய்விடும். எண்ணை எடுத்துக்கொண்ட ஸ்கேனர் என்டரை விட்டுவைத்திருக்கும். அடுத்த வரியை வாங்கும்போது அந்த வெறும் என்டரைத்தான் பெயர் என்று வாங்கும். நடுவில் ஒரு வரியைச் சும்மா வாங்கிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

ஜாவா ஏன் வாய் திறக்கவில்லை?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் 1991-ல் தொடங்கிய முயற்சிதான் ஜாவா. 1995-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. `ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு' என்பதுதான் அதன் வாக்குறுதி. விண்டோஸில் எழுதிய அதே புரொகிராம், ஒரு வரிகூட மாற்றாமல் லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். என்டருக்காகக் காத்திருக்காதே என்று சப்ளையரிடம் சொல்லும் முறை ஒவ்வோர் ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் வேறு வேறு. விண்டோஸில் ஒரு வழி, யூனிக்ஸ் குடும்பத்தில் இன்னொரு வழி. ஜாவா கன்சோலில் எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொண்டது. `எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; நான் வாங்கிக்கொள்வேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. அந்த எழுத்துகள் கீபோர்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. ஒரு ஃபைலிலிருந்து வரலாம். வேறொரு புரொகிராம் அனுப்பலாம். ஃபைலில் யார் கீயைத் தட்டப்போகிறார்கள்?

ஜன்னல், பட்டன் எல்லாம் உள்ள கிராஃபிக்ஸ் புரொகிராமில் கதையே வேறு. அங்கே எந்தக் கீ அமுங்கியது, எப்போது கை எடுத்தார்கள் என்பதுவரை ஜாவாவுக்கு அந்தக் கணமே தெரியும். கறுப்புத் திரையில் மட்டும்தான் இந்த மௌனம்.

2006-ல் ஜாவா 6 வந்தபோது கன்சோலுக்கென்றே ஒரு வசதி சேர்த்தார்கள். பாஸ்வேர்டு தட்டும்போது எழுத்துகள் ஸ்கிரீனில் தெரியாமல் மறைக்க அது உதவும். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால், அதற்கும் கடைசியில் என்டர் வேண்டும். மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப் மொழியில் ஒற்றைக் கீயைப் படிக்கும் வசதி 2005-லேயே வந்துவிட்டது. பைத்தானில் விண்டோஸுக்கு ஒன்று, யூனிக்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனி வழிகள். ஜாவாவோ இதை வெளியாட்களிடம் விட்டுவிட்டது.

சரி, பாம்பை எப்படி ஓட வைப்பது?

வழிகள் இருக்கின்றன. டிபன் கடையிலும் சப்ளையரை விட்டுவிட்டு, தோசைக்கல் பக்கத்திலேயே போய் நின்று மாஸ்டரிடம் நேராகச் சொல்லலாம் இல்லையா? அப்படித்தான்.

முதல் வழி, லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கும் `எஸ்டிடிஒய்' என்ற கட்டளை. சப்ளையருக்கு உத்தரவு போடும் கட்டளை இது. `வரி முடியும்வரை சேர்த்துவைக்காதே, ஓர் எழுத்து வந்தாலும் உடனே கொடு, ஸ்கிரீனில் நீயாகக் காட்டாதே' என்று அதன்மூலம் சொல்லலாம். ஜாவா புரொகிராமுக்குள்ளிருந்தே இந்தக் கட்டளையை ஓட்டலாம். பலர் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஜாவா இன்னொரு கட்டளையை ஓட்டும்போது, அந்தக் கட்டளைக்கு கீபோர்டு நேராகக் கிடைக்காது. அதனால், `டிடிஒய்' என்ற அந்த டெர்மினலையே அதற்குக் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், `இது டெர்மினலே இல்லையே' என்ற பதில்தான் வரும்.

விண்டோஸில் `எஸ்டிடிஒய்' கிடையாது. அங்கே விண்டோஸின் உள் வசதிகளை ஜாவா நேராகக் கூப்பிட வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு சி மொழியில் தனியாக எழுதி ஒட்டவைக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் வந்த ஜாவா 22-ல், ஜாவாவுக்குள் இருந்தபடியே இதைச் செய்யும் வசதி முழுமையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி, `ஜேலைன்' என்ற இலவச லைப்ரரி. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அதுவே பார்த்து, அதற்கேற்ற முறையில் சப்ளையரிடம் பேசிக்கொள்ளும். 2017-ல் ஜாவா 9-உடன் வந்த `ஜேஷெல்' என்ற கருவியில், மேல் அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய வரி திரும்ப வரும். அதற்குள்ளே வேலை செய்வது ஜேலைன்தான். ஜாவாவை உருவாக்குபவர்களே தங்கள் தேவைக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்லிப்ஸ் போன்ற மென்பொருள்களுக்குள் கீழே ஒரு கன்சோல் தெரியும். அது உண்மையான டெர்மினல் இல்லை. அங்கே `எஸ்டிடிஒய்' வேலை செய்யாது. புரொகிராமை உண்மையான கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் அழலாம்.

சப்ளையரைத் தாண்டியாயிற்று. இனி பாம்பு ஓடுமா? இன்னொரு தடை பாக்கி. `ரீட்' என்று சொன்னால், ஏதாவது ஒரு கீ வரும்வரை ஜாவா அந்த இடத்திலேயே நின்றுவிடும். பாம்போ, நாம் தட்டாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு, படிப்பதற்கு முன் `ஏதாவது வந்திருக்கிறதா?' என்று எட்டிப் பார்க்க வேண்டும். `அவெய்லபிள்' என்ற வசதி அதற்குத்தான். அல்லது, கீபோர்டைக் கவனிக்க மட்டும் தனியாக ஒரு த்ரெட். ஜேலைனில், `இவ்வளவு நேரம் பார், வராவிட்டால் விட்டுவிடு' என்று நேரக்கெடுவும் வைக்கலாம்.

ஒரு கீ, ஓர் எழுத்து இல்லை!

மேலே போக அம்புக்குறியைத் தட்டலாமே என்று தோன்றும். தட்டிப் பாருங்கள். யூனிக்ஸ் குடும்ப டெர்மினல்களில் வழக்கமாக ஒரு எண் வராது. 27, 91, 65 என்று மூன்று எண்கள் வரிசையாக வரும். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அது மேல் அம்பு.

தமிழில் தட்டினாலும் இதே கதைதான். யூனிகோடில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில், `க' என்ற ஒரே எழுத்து 224, 174, 149 என மூன்று எண்களாகப் பயணிக்கும். `கி' என்றால் `க'வுக்கு மூன்று, இகரக் கொக்கிக்கு மூன்று, ஆக ஆறு. நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. `ரீட்' வழியாக வாங்கும்போது ஆறு துண்டுகள். `ஓர் எழுத்தைப் படி' என்று எழுதிவிட்டு, தமிழ் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது என்று தேடுபவர்கள், முதலில் இந்த எண்களை எண்ணிப் பார்க்கலாம்.

திரும்ப வைத்துவிட்டுப் போங்கள்

சப்ளையரை ஒதுக்கினால், அவர் பார்த்த வேலையெல்லாம் நம் தலையில் விழும். பேக்ஸ்பேஸ் தட்டினால் எழுத்து தானாக அழியாது. முழுக்க `ரா' என்ற நிலைக்குப் போய்விட்டால், அவசரத்துக்கு புரொகிராமை நிறுத்தும் கன்ட்ரோல்-சி கூட வேலை செய்யாது. அதுவும் 3 என்ற வெறும் எண்ணாக வந்து நிற்கும். அச்சாகும் வரிகளும் மாடிப்படி மாதிரி சரிந்து சரிந்து போகும். விளையாட்டுக்கு, வரி சேர்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, கன்ட்ரோல்-சியை விட்டுவைக்கும் நடுத்தர நிலையே நல்லது.

பெரிய ஆபத்து, புரொகிராம் முடிந்த பிறகு வருவது. பாம்பு செத்து, புரொகிராம் பாதியில் நின்றுபோனால், சப்ளையர் நாம் கடைசியாகச் சொன்ன உத்தரவோடு அப்படியே நிற்பார். டெர்மினலில் என்ன தட்டினாலும் எழுத்து தெரியாது. கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று பயந்து ஆஃப் செய்பவர்கள் உண்டு. தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் `எஸ்டிடிஒய் சேன்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். என்டர் வேலை செய்யாவிட்டால், கன்ட்ரோலுடன் `ஜே' தட்டிப் பார்க்கலாம்.

நல்ல புரொகிராமர், மாற்றுவதற்கு முன்பே பழைய நிலையைக் குறித்துவைத்துக்கொள்வார். எப்படி முடிந்தாலும் அதைத் திரும்ப வைக்கும் வரிகளை `ஃபைனலி' பகுதியில் எழுதிவிடுவார். கன்ட்ரோல்-சியால் நின்றால்கூட கடைசியாக ஓடும்படி `ஷட்டவுன் ஹுக்' ஒன்றையும் மாட்டிவைப்பார். அடுத்தவர் வீட்டில் நாற்காலியை நகர்த்தினால், கிளம்பும்போது இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருவது மாதிரி.

எப்போது என்டர் வேண்டும்?

இத்தனை படித்த பிறகு, என்டரே இல்லாமல் செய்துவிடலாமே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

`எல்லா ஃபைலையும் அழிக்கவா? ஒய் அல்லது என்' என்று ஒரு புரொகிராம் கேட்கிறது. கை தவறி `ஒய்' பட்டுவிட்டது. என்டர் கேட்கும் புரொகிராம் என்றால், பேக்ஸ்பேஸ் தட்டி மூச்சுவிடலாம். ஒற்றைக் கீயிலேயே வேலை செய்யும் புரொகிராம் என்றால், அந்த நொடியே எல்லாம் போய்விடும். அந்த ஒரு கீதான் நம்மைக் காப்பாற்றும் கடைசி வாசல்.

நம் போனிலும் இரண்டு விதமும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் நீங்கள் தட்டத் தொடங்கியதுமே எதிர்ப்பக்கம் `டைப்பிங்' என்று தெரிந்துவிடுகிறது. ஆனால், கோபத்தில் தட்டிய வார்த்தை, அந்த அம்புக்குறியைத் தொடும்வரை போகாது. யோசித்து அழித்துவிட நேரம் இருக்கிறது. அந்த அம்புக்குறி மட்டும் இல்லையென்றால் எத்தனை குடும்பங்களில் எத்தனை சண்டை வந்திருக்கும்!

எனவே, பாம்பு விளையாட்டுக்கும், பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிப்பதற்கும் என்டர் வேண்டாம். அழிப்பதற்கும், அனுப்புவதற்கும், பணம் கொடுப்பதற்கும் என்டர் இருக்கட்டும். எதற்கு எது என்று முடிவு செய்ய வேண்டியவர் புரொகிராம் எழுதுபவர்தான்.

அந்த மாணவிக்குத் திரும்புவோம். நடுவில் ஒருவர் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜேலைனைச் சேர்த்து, நாலைந்து வரி மாற்றினால் போதும். `டபிள்யூ' தட்டிய அந்த நொடியே பாம்பு மேலே திரும்பும். விளையாட்டின் முடிவில் `ஸ்கோரை அழிக்கவா?' என்று கேட்கும் இடத்தில் மட்டும், அவளே யோசித்து என்டரை விட்டுவைத்தால், அவள் பாடத்தைப் புரிந்துகொண்டாள் என்று அர்த்தம்.